இஞ்சேருங்கோ

ஸ்ப்ளூகனில் பஸ் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பியபோது
இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சோடி ஊன்றுகோல்.
மலிவு விற்பனையில் வாங்கியது.
ஏறும்போது ஆளுக்கொன்று போதும்,
இறங்கும்போது என் முழங்கால் இரண்டையும் கேட்கும் என்று
அப்போது தெரியாது.

இந்த நாட்டு மஞ்சள் பலகைகள்
தூரத்தைச் சொல்வதில்லை, நேரத்தைச் சொல்லும்.
கணவாய் தாண்டி அடுத்த ஊர்,
ஐந்து மணி இருபது நிமிடம்.
யாருடைய ஐந்து மணி?
ஹோட்டல் சமையலறையில் பதினேழு வருடம்
நின்றே தேய்ந்த கால்களுக்கா,
முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி
இடுப்புப் பிடித்துப்போன எனக்கா?
"நடவும்" என்றார்.
எட்டு மணி நேரம் நடந்தோம்.

சாஃபியன் பள்ளத்தாக்கில், கூரை தலையில் இடிக்கும் அறையில்,
அவர் குதிகால் கொப்புளத்துக்குப் பிளாஸ்டர் ஒட்டினேன்.
வேலையில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவுகிறவள்.
இந்தக் குதிகாலில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு இருப்பது
அன்றைக்குத்தான் தெரியும்.
எப்படி வந்தது என்று கேட்க முன்னம்
நித்திரையாகிவிட்டார்.

இரண்டாம் நாள் சண்டை
தண்ணீர்ப் போத்தலில் தொடங்கியது.
நிரப்ப மறந்தது யார்?
அதிலிருந்து வீட்டுக் கடனுக்கு ஏறி
அவருடைய தம்பிக்குக் கொடுத்த காசில் வந்து நின்றது.
அதற்குமேல் ஏச மூச்சு இல்லை.
இரண்டாயிரத்து நூறு மீற்றர்.

மாட்டுப் பட்டிக்கு மின்கம்பி வேலி.
முன்னே போனவர் பிளாஸ்டிக் கைபிடியைக் கழற்றி
நான் கடக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்,
முகத்தை மற்றப் பக்கம் திருப்பியபடி.
கடந்தேன்.
நன்றி சொல்லவில்லை.
கொக்கி மாட்டும் சத்தம் பின்னால் கேட்டது.
மாடுகள் எங்களை மாறி மாறிப் பார்த்தன.

தோமுல் கணவாயில் பனிமூட்டம் இறங்கியது.
பாறைகளில் பூசிய சிவப்பு வெள்ளைக் குறிகளில்
ஒன்று தெரிந்தது, அடுத்தது இல்லை.
அவருடைய கோலின் டக் டக்கும் நின்றுவிட்டது.
"இஞ்சேருங்கோ!"
காற்று.
"இஞ்சேருங்கோ!"
எந்த ஊரில் எந்த மனைவியும் எந்தக் கணவனையும்
கூப்பிடக்கூடிய சொல் அது.
மூட்டம் அதை யாருக்கென்று கொண்டுபோய்க் கொடுக்கும்?

பத்தொன்பது வருடமாய்
காப்புறுதிக் கடித உறைகளில் மட்டும் வாசித்த பெயரை
வாய்க்குள் எடுத்தேன்.
முதல் எழுத்திலேயே நாக்குக் கூசியது.
பிறகு, இருந்த மூச்சு முழுவதையும் போட்டு:

"கேதீஸ்வரன்!"

எதிரில் இருந்த பாறை
முன்பாதியைத் தான் வைத்துக்கொண்டு
பின்பாதியைத் திருப்பித் தந்தது.
வரன்.
வரன்.

பயத்துக்குள்ளும் சிரிப்பு வந்துவிட்டது.
அம்மாவுக்குத் தரகர் தொலைபேசியில் சொன்னதும்
இதே சொல்தான்:
சுவிஸில் நல்ல வரன் ஒன்று இருக்குது.
ஏதோ ஒரு மர்மோட் விசிலடித்தது.

பத்தடி தள்ளி, கல்லுக்குப் பின்னாலிருந்து:
"ஏன் கத்துறீர்? இஞ்சதான் நிக்கிறன்."
சப்பாத்துக்குள் போன கல்லை உதறிக்கொண்டிருந்தாராம்.
சற்று நேரம் அவர் என்னைப் பார்க்கவில்லை,
நானும்.
காது இரண்டும் சிவந்திருந்தன,
குளிராகவும் இருக்கலாம்.
தன்னுடைய கோலையும் என் கையில் தந்துவிட்டு
முன்னே இறங்கினார்.
தம்பியின் காசைப் பற்றி
இன்னும் பேசி முடியவில்லை.

வால்ஸில் கற்பலகைக் கூரைகள் நனைந்து மினுங்கின.
விடுதிக்காரி பதிவேட்டைத் திறந்து பெயர் கேட்டாள்.
அவர் வாய் திறக்க முன்னம்
எழுத்தெழுத்தாய் நான் சொன்னேன்,
தேவைக்கு மேல் மெதுவாக.

மூன்றாம் நாள் காலை வாசலில் மஞ்சள் பலகை:
வ்ரின், அதற்கும் ஏதோ ஒரு நேரம்.
மேகம் கலைந்திருந்தது.
"இஞ்சேருங்கோ, வெளிக்கிடுவமா?"
குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர்
காது கேட்காதவர் போல
கட்டிய முடிச்சை அவிழ்த்து
மறுபடியும் முதலிலிருந்து கட்டத் தொடங்கினார்.