ஆறாவது பெயர்

மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
ஐந்து மட்டையாளர், நான்கு பந்துவீச்சாளர்,
கையுறைக்கு சுகுமாறன்.
ஆறாவது இடம் மட்டும்
வெள்ளிக்கிழமையிலிருந்து காலி.

பீடோர் சாப்பாட்டுக்கடை டிவியில்
பெரிய அணிகளுக்கும் அதே பாடு.
ஒரு நாட்டின் ஆல்ரவுண்டருக்கு முதுகு,
இன்னொருவருக்கு மூன்று லீக் ஒப்பந்தம்.
இரண்டும் தெரிந்த ஆள்
இப்போதெல்லாம் கிடைப்பதில்லை என்று
வர்ணனையாளருக்கு விசனம்.
என் தே தாரிக் ஆடைகட்டிப்போனது.

சர்வேந்திரன் வருவான் என்றிருந்தேன்.
ஆறு ஓவர் போடுவான்,
கையில் கட்டோடு வந்தாலும் முப்பது அடிப்பான்.
செம்பனை ஆலையில்
எடைமேடைக்காரர் நின்றதும்
எடைமேடை அவனுக்கு.
ஓட்டுநர் சிங்கப்பூர் போனதும்
லோரியும்.
ஞாயிற்றுக்கிழமை கொதிகலன்.
சம்பளச் சீட்டில்
ஒரே வரி.

நாலு மணிக்கு
குலை ஏற்றிய லோரி மைதான ஓரம் மெதுவாகி
இரண்டு ஹாரன்.
இறங்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே வலது மணிக்கட்டு
இல்லாத பந்தை ஒருமுறை சுழற்றிவிட்டு
உள்ளே போனது.
புளித்த வாடை மட்டும்
கொஞ்சநேரம் பிட்சில் நின்றது.

ஆறாவது இடத்தில்
என் பெயரை எழுதினேன்.
எனக்கு இரண்டும் வராது.