பதினேழு நாள்

கல்லறைப் பதிவேட்டில் நாற்பத்திரண்டாம் எண்:
எட்வின், மிட்ஷிப்மன், வயது பத்தொன்பது, காய்ச்சல்.
இங்கிலாந்திலிருந்து ஒருத்தி கேட்டு எழுதியிருந்தாள்,
கல்லில் 'பிரபு' என்று உண்டா?

கச்சான் அடித்த மத்தியானம் போனேன்.
மான் ஒன்று அவன்மேல் படுத்திருந்தது.
விரட்ட மனமில்லை,
அதாக எழும்பும்வரை குடையோடு நின்றேன்.

முதல் வென்ஸ்கம் பிரபு
பிரெஞ்சுக் கப்பலொன்றைப் பிடித்துப் பட்டம் வாங்கினாராம்.
இரண்டாமவர் சீட்டாட்டத்தில் காட்டைத் தோற்றார்.
மூன்றாமவர், இவன் தகப்பன்,
தை மாதப் பனியில் குதிரையால் விழுந்தார்.
அந்த நிமிடமே பட்டம் இவனுக்கு.
செய்திதான் ஐந்து மாதம் கடலில் கிடந்தது.

பதினேழு நாள் பிரபுவாக இருந்தான்
தெரியாமலே.
துறைமுக ஆஸ்பத்திரியில் தண்ணி கேட்டான்,
யாரோ பொறு என்று அதட்ட,
பொறுத்தான்.

'மாட்சிமை மிக்க' என்று தொடங்கிய உறை
ஆனியில் வந்து இறங்கியது.
கல் அதற்குள் வெட்டியாயிற்று.
இடம் போதாமல் ஓரத்தில் நாலெழுத்து,
சுவரேறும் எறும்புகள் மாதிரி.

உண்டு என்று எழுதினேன்.
அப்படியானால் அப்பா பதினோராமவர், பத்தாமவரல்ல,
சந்தோஷம் என்றாள்.
அவரோடு முடிந்ததாம்.
பெண்ணுக்கு அது இறங்காதாம்.

கல் கழுவ அவள் அனுப்பிய காசுக்கு
நகரசபை ரசீதில் கையெழுத்து வைத்தேன்:
நா. திலகேஸ்வரி.
அந்த 'நா' நாகமுத்து, பாய்மரம் தைத்தவர்.
என் மகனுக்கு அது போகாது,
அவனுக்கு அவன் தகப்பனின் எழுத்து.

பேனை கசிந்து
'நா' கொஞ்சம் பெரிதாய்ப் போயிற்று.
அழிக்கவில்லை.