பதினெட்டாவது கடை

சத்துவாச்சாரியில் ஒரு பள்ளிக்கூட மைதானம்.
கத்திரி பிறந்து ஒன்பதாம் நாள்.
பதினேழு கடைகள் போட்டிருந்தார்கள்.
பூமி சூடாவதைப் பற்றி
ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசுவதாகத் திட்டம்.

நான் பின்பக்கம்.
கழிவறைச் சுவரோரம், புங்கமரத்தடியில்,
ஜெனரேட்டரும் நானும்.
நாற்பது விசிறி, ஒலிபெருக்கி, ஜூஸ் கடை மிக்சி,
எல்லாவற்றுக்கும் உயிர் இங்கிருந்துதான் போகும்.
பேனரில் என் பெயர் கிடையாது. முனிரத்தினம்,
ஸ்ரீ ரேணுகா பவர். கல்யாணம், காதுகுத்து,
இரண்டு கட்சிக்கும் பொதுக்கூட்டம்.

பத்தே காலுக்குக் கரண்ட் போனது. சாவியைத் திருகினேன்.
முன்பக்கம் கைதட்டினார்கள்,
விசிறி சுற்றியதற்கா, யாரோ பேசி முடித்ததற்கா, தெரியவில்லை.

டீ குடிக்கிற சாக்கில் ஒரு சுற்று வந்தேன்.
ஆம்பூர்த் தொழிற்சாலை கழித்துப் போட்ட தோல் துண்டில்
குருவி அளவுக்குப் பர்சுகள்.
குடியாத்தம் கைலிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த தூளி,
அதில் ஒரு விலைச்சீட்டு தூங்கியது.
காகிதத்தில் மடித்த முள்ளுக்கத்திரி விதை.
"இது தண்ணி கேக்காதா?" என்றேன்.
"கேக்கும். ஆனா கெஞ்சாது" என்றார் கிருபாவதி.

பாலாறு என்று ஒருவர் ஒரு தொட்டி வைத்திருந்தார்.
உள்ளே வெறும் மணல்.
மணலுக்கு அடியில் ஒலிப்பெட்டி, தண்ணீர் ஓடும் சத்தம்.
பிள்ளைகள் காதை வைத்துக் கேட்டார்கள்.
அந்த ஆறும் என் டீசலில்தான் ஓடியது.

வாசலில் ஒரு கரும்பலகை:
இந்தச் சந்தைக்காக இன்று நாம் எரித்தது.
ஸ்கூட்டர், வேன், பெங்களூர்க் கார்,
வந்தவர் போனவர் எல்லாம் கோடு கோடாக.
சாக்பீசோடு நின்றவளுக்குப் பதினொரு வயதிருக்கும்.
"அண்ணே, நீங்க எத்தினி லிட்டரு?"
"எட்டு."
வாய் தானாகச் சொன்னது.
வரி கேட்கிறவனுக்கென்று வைத்திருக்கிற வாய் அது.
அவள் சந்தேகமே படவில்லை. அதுதான் வம்பாகிவிட்டது.

ஒரு மணிக்கு ஷம்ஷாத் வந்தாள், பேர்ணாம்பட்டுக்காரி,
கையில் எவர்சில்வர் தட்டு.
சாப்பாடு என்று எழுந்தேன். தட்டு காலி.
"பொகக் கொழாய்ல கொஞ்சம் காட்டிக்கவா?"
காட்டினாள். கரி படிந்தது. விரலால் வழித்து,
பிசின் கரைத்த தண்ணீரில் குழைத்தாள்.
முப்பது வருஷமாய் நான் சட்டையிலிருந்து தேய்த்துக் கழுவியது,
அவள் கையில் மை.

ஆறு வரைவாள், பட்ட மரம் வரைவாள் என்று பார்த்தேன்.
என்னை வரைந்தாள்,
கன்னத்தைத் தோளில் துடைத்துக்கொள்கிற ஒரு நொடியில்.
வியர்வைக்கு மட்டும் மை தொடவில்லை,
காகிதத்தின் வெள்ளையையே விட்டிருந்தாள்.
"மீதி மை இன்னும் எட்டுப் படத்துக்கு வரும்" என்றாள்.
எட்டு. எங்கே திரும்பினாலும் எட்டு.

நாலரைக்கு டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தேன்.
குச்சிக்கு வெட்கம் கிடையாது.
கரும்பலகைக்குப் போனேன்.
"பாப்பா, இதுவரைக்கும் இருபத்தாறு."
அவள் முகம் கோணவில்லை.
உள்ளங்கையால் எட்டை அழித்தாள்,
நாக்கை மடித்துக்கொண்டு
கூட்டல் முழுவதையும் மறுபடி போட்டாள்.
முடிகிற வரை பக்கத்திலேயே நின்றேன்,
நானும் ஒரு கடைக்காரன் மாதிரி.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது.
நான் கம்பி மாற்றிய இடைவெளியில்
தொட்டி மணல் சட்டென்று ஊமையானது.
குனிந்திருந்த ஒரு பையன் மட்டும் நிமிர்ந்து பார்த்தான்.

இருட்டியதும் மலைப்பாறைகள்
பகலில் வாங்கிய சூட்டை
ஊருக்குத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தன,
ஒரு பைசா பிடித்துக்கொள்ளாமல்.

என் பில்லில் முப்பத்தைந்து லிட்டர் என்று
காலையிலேயே எழுதி வைத்திருந்தேன்.
அதைத் திருத்தினேனா என்று கேட்காதீர்கள்.