நாலரைக்கு வருவினம்

தலையிடி என்று சொன்னேன்.
அவர் நம்பினார்.
அன்பளிப்புக் கவரைச் சட்டைப்பைக்குள் வைத்து
மகளைப் பின்னால், மகனை முன்னால் ஏற்றி
சாவகச்சேரிக்கு, ஒரு சாமத்திய வீட்டுக்கு வெளிக்கிட்டார்.
"நாலரைக்கு வந்திடுவம். நீர் படுத்திரும்."
கொக்குவில் ஒழுங்கை முடக்கில் சத்தம் தேயும்வரை
நெற்றியில் கை வைத்தபடி நின்றேன்.
பிறகு கையை எடுத்தேன்.

ஒன்று பத்து.

முதலில் கேத்தில்.
கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு
அடியில் வெள்ளைப் பொருக்காய்ப் பிடித்திருந்தது.
தேசிக்காய் பிழிந்து ஊறவிட்டேன்.
அதற்குள் அலுமாரித் தட்டு.
விரித்திருந்த பேப்பரை உருவினால்
மரண அறிவித்தல் பக்கம்.
ஏழு வருடத்துக்கு முன் செத்தவர்களை
நின்றநிலையில் வாசித்தேன்.
இணுவிலில் பிறந்து நோர்வேயில் வசித்தவருக்கு
ஆறு மருமக்கள், பதினொரு பேரப்பிள்ளைகள்.
பதினோராவது பேரைக் கரப்பான் அரித்திருந்தது.
'சா' மட்டும் மிச்சம்.
சாருகா? சாம்பவி?
இருபது நிமிடம் போய்விட்டது.

பாண் ஓட்டோ வந்தது,
அதே மெட்டை ஒரு இடத்தில் இழுத்துக்கொண்டு.
வேண்டாம் வேண்டாம் என்றபடியே கேற்றடிக்கு ஓடினேன்.
ஒரே ஒரு மாலுபாண்.
நாலாய்ப் பிய்க்காமல்,
பெரிய துண்டு ஆருக்கு என்ற வழக்கில்லாமல்
கிணற்றுக்கட்டில் இருந்து முழுதாய்த் தின்றேன்.
உறைப்பு மூக்கால் வந்தது.

ரொறொன்ரோவிலிருந்து தங்கச்சி.
அங்கே இன்னும் விடியவில்லை, நித்திரையும் வரவில்லை.
"என்னக்கா செய்யிறாய்?"
"சும்மா இருக்கிறன்."
தோளில் பதினாறு உடுப்பு, கக்கத்தில் தும்புத்தடி.
பொய்தானா அது, இன்னும் தெரியவில்லை.

மூன்று மணிக்குத்தான்
மகளின் கட்டிலுக்குக் கீழே குனிந்தேன்.
பழைய சப்பாத்துப் பெட்டி தடியில் இடறியது.
உள்ளே எட்டாய் மடித்த கணிதத் தாள்கள்.
முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. இருபத்தொன்பது. முப்பத்தைந்து.
நாலிலும், பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில்
என் கையெழுத்து.

மதனரூபி.
'ரூ' வன்னாவின் வால்போலச் சுருளும்.
'பி'யின் மேல்விலங்கை நான் சுழித்துப்
பின்னால் இழுத்துவிடுவேனே, அந்த இழுப்பும் இருந்தது.
முதல் தாளில் கொஞ்சம் நடுக்கம்.
நாலாவதில்
என்னைவிட வடிவாய் வைத்திருக்கிறாள்.

எங்கே பழகினாள்?
நான் தோசை புரட்டும்போது
குசினி மேசையில் குனிந்திருந்தாளே, அதுவா?

கோபம் வரட்டும் என்று நிலத்தில் இருந்தேன்.
மரண அறிவித்தல் ஓரத்தில்
என் பேரை எழுதிப் பார்த்தேன்.
கோணியது.
இன்னொருதரம் எழுதினேன்.
அவளுடையதைப் பார்த்து எழுதினேன்.

நாலு பத்துக்கே மோட்டார் சைக்கிள் சத்தம்.
தாள்களை அதே மடிப்பில் மடித்து
பெட்டியை அதே சதுரத்தில் வைத்தேன்.
சுற்றிலும் நிலம் பளிச்சென்று கிடந்தது.
பார்த்தால் தெரிந்துவிடும்.
கூட்டி வாசலில் குவித்த தூசை அள்ளி வந்து
கட்டிலுக்குக் கீழே
கோலமாவைப் போலத் தூவினேன்.

"தலையிடி சுகமோ?"
"பரவாயில்லை."
சாமத்திய வீட்டுப் பலகாரத்தோடு மகன் ஓடிவர,
நிதுஷா தன் அறைச்சுவரில் சாத்தியிருந்த தும்புத்தடியைப் பார்த்தாள்.
பிறகு என்னை.
நான் மடித்த உடுப்பைத் திரும்ப மடித்தேன்.

"அம்மா, தேத்தண்ணி போடட்டே?"
ஒருநாளும் கேட்காதவள்.
கேத்தில் மூடியைத் திறந்தவள் திகைத்தாள்:
"என்னம்மா இது, எல்லாம் மிதக்குது?"

"ஊறுது பிள்ளை.
கிடக்கட்டும்.
சட்டியில தண்ணி வை."