கோப்பை வளையம்

மஹோன் விரிகுடாவில் பனி இன்னும் முழுதாய் இறங்கவில்லை.
படகு கட்டைகளின் மேல் ஏறி நிற்கிறது,
தண்ணீரை விட்டு வந்து ஐந்து மாதமாகியும்
உள்ளே தண்ணீரோடு.

கார்னெட் ஐஸ்னர், என் சகலை,
பிளாஸ்டிக் தலைச் சுத்தியலால்
மேல்தளத்தைத் தட்டிக்கொண்டே வருகிறான்.
ணக். ணக்.
பாய்மரத்தடியில் ணக்.
நங்கூரப் பெட்டியருகே ணக்.
இடப்பக்கக் கம்பி தாண்டி ஒரு முழம்:
பொத்.

இருவரும் வாயைத் திறக்கவில்லை.

மேலே பார்த்தால் குறையொன்றும் இல்லை.
கண்ணாடியிழை உளுக்காது, செல்லரிக்காது என்று
வாங்கிய நாளில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.
இரண்டு தோலுக்கு நடுவில் மரம் இருப்பதை
விற்றவன் சொன்னான்தான்.
பால்சா. கையில் எடுத்தால்
எடுத்தோமா என்று சந்தேகம் வரும் மரம்.

ஈரமானி முப்பத்தொன்று காட்டியது.
கார்னெட் அதை உதறிவிட்டு மறுபடி வைத்தான். முப்பத்தொன்று.
வலப்பக்கம் வைத்தான். பன்னிரண்டு.
மானியின் மேல் போட்ட பழியை
மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

பிறகு அந்தப் பழி ஊர் சுற்றியது:
எழுபத்தெட்டில் கட்டிய தொழிற்சாலை, அவர்கள் பசையில் பிடித்த கஞ்சத்தனம்,
உறைந்து உருகி உறைந்த பிப்ரவரி,
நான் ஒழுங்காகக் கட்டாத தார்ப்பாய்.
தலையாட்டினேன்.
தார்ப்பாய் என் பொறுப்பு.

ரம்பம் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இறங்காதபடி பூட்டி
மேல்தோலை மட்டும் அறுத்து நெம்பினோம்.
பிளாஸ்திரி பிய்க்கிற சத்தத்தோடு எழுந்தது.

முதலில் வாசனை:
மறந்துபோன தேநீரில் யாரோ
செப்புக் காசுகளைப் போட்டு வைத்த மாதிரி.
அள்ளிப் பிழிந்தேன்.
விரலிடுக்கில் ஒழுகியது
ஒரு மரம்.

ஓரத்தில் வைக்கோல் நிறம்,
உள்ளே போகப் போகத் தேன், புகையிலை, கரி.
கறை தன் பிறந்த வீட்டைத் தானே காட்டும்.
கரியின் நடுவில் இரண்டு திருகாணித் துளைகள்,
நான்கு விரல் இடைவெளியில்.

அந்த இடைவெளி எனக்குத் தெரியும்.

ஆறு வருடம் முன்பு, ஜூலையில் ஒரு ஞாயிறு.
தள்ளுபடிக் கூடையில் கிடைத்த எஃகு வளையம்,
என் தேநீர்க் கோப்பையை நிறுத்தி வைக்க.
துளைத்தேன், முடுக்கினேன்.
அடைப்புப் பசை கரையில், காரில் இருந்தது.
கடல் அன்று தட்டில் ஊற்றியதுபோல் கிடந்தது.
அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.
யாரிடம் சொன்னேன்? யாரும் கேட்கவில்லை.
கயிறு சிக்குகிறது என்று கார்னெட் முணுமுணுத்தபோது
வளையத்தைக் கழற்றித் துளைமேல்
வெள்ளைப் பெயின்டைத் தடவிவிட்டேன்.

"இது யார் வேலை?"

பத்தொன்பது வருடமாய்ப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
இந்தக் கேள்விக்குப் பின்சீட்டிலிருந்து வரும் மௌனம்
எனக்கு நன்றாகத் தெரியும்.
கண்ணாடியில் பார்த்தே ஆளைப் பிடிப்பேன்.

"என் கோப்பை" என்றேன்.

கார்னெட் துளையில் சுண்டுவிரலை வைத்தான்.
நகம்கூட நுழையவில்லை.
பிறகு கையை விரித்து அழுகல் முடியும் இடம்வரை அளந்தான்.
எட்டுச் சாண்.
பால்சா வாங்க எவ்வளவு என்று
கைமேலேயே எழுதிக்கொண்டான்.

கூடாரம், இரண்டு மின்விசிறி, ஒரு விளக்கு.
ஏப்ரல் முழுக்க மாலைதோறும் அந்த எண்:
இருபத்தேழு, இருபத்துநான்கு, இருபத்துநான்கு,
மழை நாளில் இருபத்தைந்து.
இரவுச் சாப்பாட்டில் எண்ணைச் சொன்னால்
லோரெட்டா கேட்டாள்:
"படகு என்ன ஜுரத்திலா படுத்திருக்கு?"

நேற்று பதினான்கு.

புது மரம் வைத்தாயிற்று,
பழைய தோலை மேலே ஒட்டியாயிற்று.
இனி எந்தத் துளையும்
முதலில் பெரிதாய்க் குடைந்து, எபாக்சி நிரப்பி,
அது கல்லான பின் நடுவில் சிறிதாய்.
ஆணிக்கும் மரத்துக்கும் அறிமுகமே கூடாது.

கார்னெட் பென்சிலால் குறி போடுகிறான்:
கம்பிக் கால்களுக்கு நாலு நாலாய்,
கயிற்றுக் கொம்புக்கு இரண்டு,
கடைசியில், என்னைப் பார்க்காமல்,
நான்கு விரல் வைத்து அளந்து
இரண்டு புள்ளி.