மூணு ஏ, மூணு பி

சங்கக் கூட்டத்தில் வரதன் சார்
மூக்கைத் தொட்டுக்கொண்டு சொன்னார்:
"மூணு ஏ-லேர்ந்து ஒரு வாடை வருது."
கையெழுத்துத் தாள் என் மடிக்கு வந்தது.
பேனா எழுதவில்லை என்று
பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிட்டேன்.
பேனா எழுதும்.

நான் மூணு பி.
எதிர்க் கதவில் கொரியாக்காரர்கள்.
அவரை இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனி வேன்
விடிவதற்குள் அள்ளிக்கொண்டு போய்விடும்.
அவள் பெயர் மிசொன்.
வாட்ச்மேன் ஏகாம்பரத்துக்கு அது 'மீசம்மா'.
அர்த்தம் தெரிந்த அன்று
மேலுதட்டில் விரல் வைத்துப் பார்த்துச் சிரித்தாள்,
மறுநாளும் அந்தப் பெயருக்கே திரும்பினாள்.

மணப்பாக்கம் வந்த புதிதில்
எலக்ட்ரீஷியன் "நாளைக்கு வரேன்" என்றான்.
காலண்டரில் வட்டம் போட்டாள்.
எட்டாவது வட்டத்தில் என்னிடம் வந்து
நாளைக்கு என்பது தேதி இல்லை போல, என்றாள்
கண்டுபிடித்துவிட்ட முகத்தோடு.

பையன் ஜூவோனுக்கு ஆறு வயசு.
கார் பார்க்கிங்கில் நின்று "அப்பா!" என்று கத்துவான்.
அவர்கள் மொழியிலும் அப்பா அப்பாதான்.
நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.
அவனுடையவர் மட்டும்
பூந்தமல்லி டிராஃபிக்கில் இருப்பார்.

பொங்கல் முடிந்த வாரம்
துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன்.
போர்வைக்கும் ஸ்கூல் யூனிஃபார்முக்கும் நடுவில்
கொடியில் வரிசையாக மீன்,
கழுத்தில் நூல் கட்டி.
காக்காவுக்கு ஒரு கிழிந்த குடை விரித்திருந்தாள்.
என்னைப் பார்த்ததும் போனை நீட்டினாள்.
போன் பேசியது:
"இம்மீனின் பெயர் யாது?"

பதினோரு வருஷத்தில்
இந்தக் கட்டடத்தில் யாரும்
என்னிடம் ஒரு மீனின் பெயர் கேட்டதில்லை.
"கத்தாளை" என்றேன்.
வாய்க்குள் தூத்துக்குடி
ஒருமுறை புரண்டு படுத்தது.

வீடு பார்க்க வந்த அன்று
புரோக்கர் கேட்டார், "வெஜ்தானே?"
பிரிட்டோ தலையாட்டினார். சாவி கைக்கு வந்தது.
அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில்
ஜன்னல் சாத்தி, ஃபேன் போட்டு,
ஊதுபத்தி கொளுத்தி ஒரு குழம்பு.
முள்ளை மூன்று கவரில் சுற்றி
ஆபீஸ் போகிற வழியில், நந்தம்பாக்கம் தாண்டி,
யாருடைய குப்பைத்தொட்டியிலோ போடுவேன்.
கருவாடு மட்டும் முடியாது.
அது எந்தக் கவருக்கும் அடங்காது.

மிசொனுக்கு மூன்று வருஷ விசா.
எனக்கு எத்தனை வருஷம் என்று
யாரும் முத்திரை குத்தித் தரவில்லை.

அவர்களுக்குப் புது வருஷமாம்,
பெட்டியோடு லிஃப்டில் நின்று
"போயிட்டு வரேன்" என்றாள், போன் இல்லாமல்.
போறேன் என்று மட்டும்
எங்கள் ஊரிலும் சொல்ல மாட்டோம் என்றாள், போனோடு.
கதவு மூடுமுன் ஒரு பார்சல் என் கைக்கு வந்தது.
செய்தித்தாள் சுற்றி, எட்டுக் கத்தாளை.
பிடித்துப் பார்த்தேன்.
உப்பு சரியாக ஏறியிருந்தது.

நாலு நாள் ஃப்ரீசரில் ஒளிந்திருந்தது.
ஐந்தாம் நாள், ஒரு சனிக்கிழமை,
கத்தரிக்காய் நறுக்கினேன்,
புளி கரைத்தேன்.
ஃபேன் சுவிட்சு வரை போன கை
ஏனோ திரும்பி வந்துவிட்டது.

கொதி வந்த பத்தாவது நிமிஷம்
வெளியே செருப்புச் சத்தம்.
எதிர் வீட்டு பெல் அடித்தது. மறுபடி அடித்தது.
"மேடம்! மேடம்! ஓப்பன் த டோர்!"
வரதன் சாரின் இங்கிலீஷ்
பூட்டிய கதவில் மோதி மாடிப்படி இறங்கியது.

பிரிட்டோ என்னைப் பார்த்தார்.
நான் அடுப்பைக் குறைத்தேன்.
கரண்டியைக் கீழே வைக்க மறந்துபோய்
அதோடேயே போய்
தாழ்ப்பாளை நீக்கினேன்.

"சார், அவங்க ஊர்ல இல்ல.
இங்க."