ஒரு விரல் குறைவு

போகியன்று விடியற்காலை
கீழ்வீட்டு தேசிங்கு
தன் பழைய ரெக்சின் சோபாவை
என் பால்கனிக்கு நேர் கீழே கொளுத்தினார்.

கொடியில் என் மூன்று புடவைகள்.
ஒன்றுக்கு இன்னும் தவணை முடியவில்லை.

கத்தினேன்.
அவரும் கத்தினார்.
நடுவில் கறுப்பாகப் புகை,
முகம் தெரியாததால்
இரண்டு பேருமே கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டோம்.
விமானங்கள் இறங்க வழியில்லாமல்
பெரம்பூருக்கு மேலேயே சுற்றுகின்றன என்று யாரோ சொன்னார்கள்.
எட்டு மணிக்கு என் குரல் போயிருந்தது.

டிக்கெட் கவுண்டரில் நாள் முழுக்க
விரல்களால் பேசினேன்.
ஒரு பையன், பாவம்,
எனக்குக் காதும் கேட்காதென்று நினைத்து
அம்பத்தூர் என்று கண்ணாடியில் எழுதிக் காட்டினான்.
என் பக்கம் அது திரும்பி விழுந்தது.
என்றாலும் சரியான டிக்கெட்தான் கொடுத்தேன்.

இரவு பதினொன்றரை.
பச்சைப் பாக்கெட்டில் பாதி மிச்சம்.
அஞ்சறைப் பெட்டியில்
மஞ்சள்தூள் கிண்ணத்தில் கரண்டி மட்டும்.
கரும்பு வாங்கியாயிற்று, கோலமாவு வாங்கியாயிற்று;
தினமும் வேண்டியது தீர்ந்துபோனது
யாருக்கும் தெரியவில்லை.
யாருக்கும் என்றால் எனக்கு.

மேடைமேல்
நாளைய பானைக்கான மஞ்சள் கொத்து,
இலை வாடாமல் ஈரத்துணி சுற்றி.
நாற்பது சொல்லி முப்பதுக்கு வந்தது.
ஒரு கிழங்கை ஒடித்தேன்.
பானைக்குக் கழுத்து,
எனக்குத் தொண்டை,
நியாயம் சரியாகிவிட்டது.

கழுவக் கழுவ மண்.
தோலைச் சீவினால் உள்ளே
கேரட்டைவிடச் சிவந்த ஆரஞ்சு.
துருவுகையில் நகத்தடியில் ஏறிக்கொண்டது;
நாளை மறுநாள் சில்லறை கொடுக்கும்போது
எல்லோரும் பார்ப்பார்கள்.
ஒன்பது மிளகு.
டம்ளரின் அடியால் நசுக்கினேன்,
ராத்திரி நேரத்தில் அது ஆணி அடிப்பதுபோல் கேட்டது.

அப்போதுதான்
ஜன்னலுக்கு வெளியே உள்ள காற்றுச் சந்தில்
அந்த இருமல் ஏறி வந்தது.
தவறான சாவியை வைத்துக்கொண்டு
ஒருவர் விடாமல் பூட்டைத் திருகுவதுபோல.
சற்று நிற்கும்.
திரும்பவும் திருகும்.
அவர் மனைவி ராணிப்பேட்டையில்,
மகளின் பிரசவத்துக்கு.

பாலில் ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்தேன்.
யாருக்கு என்று கேட்டுக்கொள்ளவில்லை.

பால் மெல்ல நிறம் மாறியது,
விளிம்பில் முதலில், பிறகு நடுவில்.
பொங்கி வரும்போது தணித்தேன்;
பொங்குவது நாளைக்கு.
பனங்கற்கண்டு நான்கு கட்டி.
ஐந்தாவதும் போட்டேன்.

கதவைத் திறந்தவர் வாயைத் திறந்தார்.
காற்றுதான் வந்தது.
நானும் திறந்தேன், அதேதான்.
காலையில் அத்தனை பேசிய இரண்டு பேர்
டியூப்லைட்டின் கீழ் மீன்கள்போல் நின்றோம்.

டம்ளரை வாங்கி முகர்ந்தார்.
சந்தேகம்தான், எனக்கும் வந்திருக்கும்.
பிறகு வெறும் காற்றால் சொன்னார்:
"எனக்கு சுகர்."

பனங்கற்கண்டு, ஐந்து கட்டி
என்பதைக் கையால் எப்படிச் சொல்வது?
ஐந்து விரலை விரித்தேன்.
ஐந்து ரூபாய் கேட்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ,
சட்டைப் பையைத் தடவினார்.
வேண்டாம் வேண்டாம் என்று
அதே ஐந்து விரலை ஆட்டினேன்.

சற்று யோசித்தார்.
பிறகு அண்ணாந்து,
நின்ற இடத்திலேயே குடித்தார்,
அடியில் தங்கிய மிளகுவரை.

மேலே வந்தபோது என்னுடையது
ஆடை கட்டியிருந்தது.
விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தேன்.

காலையில் பானையின் கழுத்தில்
மஞ்சள் கொத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.
வாசலில் கழுவி வைத்த டம்ளர்,
சபீனாவுக்கும் போகாத மஞ்சள் வளையம்,
உள்ளே இரண்டு விக்ஸ் மிட்டாய்.

புடவைகளில் இன்னும் ரெக்சின் நாற்றம்.
மூன்று முறை அலசியும் போகவில்லை.
அதைப் பற்றிப் பேசத்தான் வேண்டும்.
குரல் வரட்டும்.
ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டேன்.